தம்பியின் படத்தைக் காட்டிப் பணம் திரட்டிய விடுமுறை முகாம்

சென்ற வாரம் கல்முனையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எதிர்மதிலில் ஒரு புதிய சுவரொட்டியைப் பார்த்தேன். ‘ஓட்டிசம் உள்ள சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்குமான டிசம்பர் விடுமுறைக் கற்றல் முகாம்’ என்று எழுதியிருந்தது. பெயர் வேறு, நிறம் வேறு. தொலைபேசி இலக்கம் மட்டும் பழையது. ஓகஸ்ட் விடுமுறையில் மட்டக்களப்பில் யாரிடம் என் தம்பியை ஒப்படைத்தேனோ, அவர்களுடைய இலக்கம். அதைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

அவர்களுடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. எழுதினாலும் பயனில்லை, அவர்களே பெயரை மாற்றிவிட்டார்கள். நடந்தது என்னவென்று தெரிந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் நீங்கள் கண்டுகொள்வீர்கள்.

தம்பிக்கு 19 வயது. இருபது இருபத்தைந்து சொற்கள் பேசுவான். மிச்சத்தைப் பட அட்டைகளால் சொல்வான். சத்தம் அவனுக்கு ஆகாது. விசில் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வான். ஆனால் துணி மடிப்பதில் அவனை வெல்ல ஆளில்லை. விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஒரு நூல் பிசகாமல் மடித்து அடுக்குவான். பாடசாலையின் விசேட கல்வி அலகை விட்டு வந்த நாளிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான். சின்னப் பிள்ளைகளுக்கென்றால் ஏதோ கொஞ்சம் வசதி எங்கள் பக்கத்திலும் உண்டு. மீசை முளைத்த பிறகு இந்தப் பிள்ளைகளைக் கேட்பாரில்லை. அதனால்தான் அந்த ஓகஸ்ட் முகாமின் விளம்பரத்தில் ‘16 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தொழிற்பயிற்சி: பேக்கரி, தோட்டம், துணி மடித்துப் பொதி செய்தல்’ என்றிருந்த வரியை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். அம்மா அன்றிரவே சீட்டுப் பணத்தை எடுத்துத் தரச் சம்மதித்தார்.

மூன்று வாரத்துக்குக் கட்டணம் 38,000 ரூபாய். வானுக்கு 6,000. மஞ்சள் ரி-சேட்டுக்கு 1,500. பணத்தை நிறுவனத்தின் கணக்கில் அல்ல, ஒரு தனிநபரின் கணக்கில் வைப்புச் செய்யச் சொன்னார்கள். கணக்கு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது என்றார்கள், நம்பினேன். அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பதிவுச் சான்றிதழ் தொங்கியது. அரச முத்திரையைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. அது வெறும் வியாபாரப் பெயர்ப் பதிவு என்பதைப் பிறகு பிரதேச செயலகத்தில்தான் அறிந்தேன். சில்லறைக் கடை திறப்பவருக்கும் அதையேதான் கொடுக்கிறார்கள். நன்கொடை திரட்டிச் சேவை செய்யும் அமைப்பென்றால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இவர்களிடம் இருக்கவில்லை.

சேர்க்கும்போது ஒரு படிவம் தந்தார்கள். பெயர், வயது, முகவரி, ரி-சேட் அளவு. அவ்வளவுதான். அந்த ஒரு தாளிலேயே நான் விழித்திருக்க வேண்டும். ஓட்டிசம் உள்ளவர்களில் வலிப்பு வருகிறவர்கள் மற்றவர்களைவிட அதிகம். சட்டையின் அளவைக் கேட்டவர்கள் வலிப்பு வருமா என்று கேட்கவில்லை. என்ன மருந்து குடிக்கிறான், எதற்குப் பயப்படுவான், மலசலகூடத்துக்குத் தனியாகப் போவானா, வாயைத் திறந்து சொல்ல முடியாதபோது எப்படிக் கேட்பான், ஒன்றையும் கேட்கவில்லை. நானாகவே ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். ‘நல்லது மிஸ்’ என்று வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார்கள்.

விளம்பரத்தில் ‘டீச் முறைப்படி’ என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஓட்டிசம் உள்ளவர்களுக்குக் கற்பிப்பதற்காக அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷோப்ளர் தன் குழுவினரோடு வளர்த்தெடுத்த முறை (TEACCH) அது. 1972இல் அந்த மாநிலம் முழுவதற்குமான திட்டமாக ஆனது. அதன் உயிரே கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வைப்பதுதான். எந்த இடத்தில் என்ன வேலை, இப்போது என்ன, அடுத்து என்ன, எப்போது முடியும் என்பதைப் படங்களாலும் பொருட்களாலும் பிள்ளைக்கு முன்கூட்டியே காட்டிவிடுவார்கள். அதனால் தம்பியின் பட அட்டைகளை வளையத்தில் கோத்து, பைக்குள் கசங்காதிருக்கச் சிவப்பு நூலால் கட்டி அனுப்பினேன். முதல் நாள் மாலை பையைத் திறந்தேன். நூல் நான் போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. ஒன்பது நாட்கள் அந்த முடிச்சை ஒருவரும் அவிழ்க்கவில்லை.

வானில் ஏற்ற வரும் பெண்ணிடம் கேட்டேன். ‘இங்கே வேறு அட்டை வைத்திருக்கிறோம்’ என்றார். நேரில் வந்து பார்க்கலாமா என்றதற்கு, ‘பெற்றோரைக் கண்டால் பிள்ளைகள் பழக மாட்டார்கள், கடைசி நாள் கலைநிகழ்ச்சிக்கு வாருங்கள்’ என்றார். அதற்குள் தம்பி இரவில் தூங்குவதை நிறுத்தியிருந்தான். மஞ்சள் ரி-சேட்டைக் கண்டாலே மணிக்கட்டைக் கடிக்கத் தொடங்கினான். புதிய இடம், பழகிவிடும் என்று அம்மாவைத் தேற்றியது நான்தான். அதற்காக என்னையே என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

பத்தாம் நாள் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சொல்லாமல் போனேன். காலை பதினொரு மணி, கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. முகாம் நடந்தது வாவிக்கரையில் வாடகைக்கு எடுத்த ஒரு வரவேற்பு மண்டபத்தில். ஒலிபெருக்கியில் பாட்டு, நடுவே விசில். ஐந்து வயதுப் பிள்ளையும் இருபது வயது இளைஞரும் ஒரே கூட்டமாகத் தொலைக்காட்சியில் கேலிச்சித்திரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், 41 பேர். பார்த்துக்கொள்ள ஐந்து பெண்பிள்ளைகள். ‘நான்கு பேருக்கு ஒரு பயிற்றப்பட்ட ஆசிரியர்’ என்றல்லவா சொன்னார்கள்? இந்த ஐந்து பேரும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவர்கள், நாளுக்கு 1,000 ரூபாய்க்கு வந்தவர்கள். அவர்களில் ஒருத்தி தன்னைச் சுற்றி அழும் மூன்று பிள்ளைகளோடு தானும் அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பெண்பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு சின்னவனைப் பிளாஸ்டிக் கதிரையோடு சால்வையால் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

தம்பியைக் காணவில்லை. பின்பக்கம் போனேன். கிணற்றடியில் குந்தியிருந்து சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இன்னும் இரண்டு இளைஞர்கள். அவனுடைய விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. அத்தனை பேருக்கும் காலையும் மதியமும் தட்டுக் கழுவுவது, கதிரை அடுக்குவது, தண்ணீர் அள்ளுவது. மூன்று பேரும் பத்து நாட்களாக அதைத்தான் செய்திருக்கிறார்கள். நடத்துநர் ஓடி வந்தார். ‘இதுதான் மிஸ் தொழிற்பயிற்சி, தன் வேலையைத் தானே செய்யப் பழக்குகிறோம்’ என்றார். தட்டுக் கழுவுவதை நான் இழிவாகப் பார்க்கவில்லை. தம்பி வீட்டில் தன் தட்டைக் கழுவுவான். பணம் வாங்கிக்கொண்டு அவனைக் கூலியில்லாத வேலையாளாக்கி, அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்ததைத்தான் சொல்கிறேன்.

அப்போதுதான் வாவியைப் பார்த்தேன். கிணற்றடியிலிருந்து கரைக்கு இருபது அடி இருக்கலாம். வேலி இல்லை, படலை இல்லை. ஆறு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, கையால் நீரை அடித்து மினுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கவனிக்க ஒருவரும் இல்லை. செருப்போடு இறங்கி நான்தான் தூக்கிவந்தேன். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரைத் தண்ணீர் இழுக்கும். ஆழம், ஆபத்து என்ற எண்ணமில்லாமல் நேரே நடந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நீரில் மூழ்கும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பது வைத்தியர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் விடயம். எங்கள் ஊரிலோ எந்தப் பக்கம் திரும்பினாலும் வாவி, இல்லாவிட்டால் கடல். அந்தப் பையனின் உம்மாவை மாலையில் ஏறாவூரில் தேடிப் போய்ச் சொன்னேன். ‘தங்கச்சி, என் பிள்ளை அங்கே எழுதப் பழகுகிறான் என்றல்லவா எனக்குப் படம் அனுப்பினார்கள்’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

படம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எங்களை உண்மையில் உடைத்தது அதுதான்.

தம்பியை வீட்டுக்குக் கூட்டிவந்து நான்கு நாட்களுக்குப் பிறகு கனடாவிலிருந்து மாமி ஒரு முகநூல் பதிவை அனுப்பினார். ‘இவன் நம்முடைய பிள்ளைதானே?’ என்று கேட்டிருந்தார். மஞ்சள் ரி-சேட்டோடு, கிணற்றடியில், தலை குனிந்தபடி தம்பி. கீழே, ‘பெற்றோரால் கைவிடப்பட்ட இந்த இளைஞனின் ஒரு நாள் உணவுக்கு உதவுங்கள்’ என்று வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வேண்டுகோள், அதே வங்கிக் கணக்கு இலக்கம். மாமிக்குத் தெரிந்தவர்கள் இருவர் பணம் அனுப்பியும் விட்டார்களாம். எங்களிடம் கட்டணம், அவர்களிடம் தருமம். அம்மா தொலைபேசியை வாங்கித் தானே வாசித்தார். ‘கைவிட்டேனா?’ என்று மட்டும் கேட்டார். தம்பி 19 வயதிலும் அம்மா பிசைந்து வைத்தால்தான் சோறு சாப்பிடுவான். அப்பா இறந்த நாளன்றுகூட அம்மா அவனுக்குப் பிசைந்து கொடுத்துவிட்டுத்தான் அழ உட்கார்ந்தார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ‘உங்கள் தம்பி ஒத்துழைக்கவில்லை, இடையில் நிறுத்தினால் பணம் தருவதில்லை’ என்று பதில் வந்தது. பற்றுச்சீட்டில் அப்படி ஒரு வரியும் இல்லை.

இனி, இதே நிலையில் இருப்பவர்களுக்கு. சின்னப் பிள்ளைகளைக் கட்டிவைத்ததையும் வாவிக்கரையையும் பற்றி தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னேன், தமிழில் பேசலாம். தம்பிக்கு 18 வயது கடந்துவிட்டதால் அவனுடைய விடயம் அங்கே அடங்காது. அதைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்தேன். அவர் மட்டும்தான் என்னை உட்காரவைத்து முழுவதையும் கேட்டார். படத்தைத் தவறாகப் பயன்படுத்திப் பணம் திரட்டியதைப் பொலிஸில் பதிந்தேன். சொன்ன சேவையைத் தராததை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதினேன், அவர்களுடைய இலக்கம் 1977. சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், ஆகவே ஓகஸ்ட் முகாமுக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள் நாளைக் கடத்தாதீர்கள். பற்றுச்சீட்டு, வைப்புத் துண்டு, அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகள், எதையும் அழிக்காதீர்கள்.

டிசம்பர் முகாமுக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள், பணம் கட்டுமுன் முகாம் நடக்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். அலுவலகத்தை அல்ல, இடத்தை. பின்பக்கம் போங்கள், கிணறு மூடியிருக்கிறதா, படலைக்குக் கொக்கி இருக்கிறதா, தண்ணீர் எவ்வளவு தூரம் என்று உங்கள் கண்ணால் பாருங்கள். டிசம்பர் மாரிக்காலம், வாவி இன்னும் நிரம்பியிருக்கும். சிகிச்சையாளர் என்று சொல்பவரிடம் இலங்கை மருத்துவ சபையின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். தொழில்வழிச் சிகிச்சையாளரும் பேச்சுச் சிகிச்சையாளரும் அங்கே பதிந்திருப்பார்கள். எங்களுக்குக் காட்டப்பட்டது மூன்று நாள் இணைய வகுப்பின் சான்றிதழ். வேலை நேரத்தில் சொல்லாமல் வந்து பார்க்க விடுவீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். படம் எடுப்பதற்கு நீங்கள் எழுத்தில் சம்மதித்தாலொழியச் சம்மதமில்லை என்பதைப் படிவத்திலேயே எழுதி, ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள்.

தம்பி இப்போது இரவில் தூங்குகிறான். ‘தண்ணீர்’ என்ற சொல்லை முகாமுக்குப் போகுமுன் தெளிவாகச் சொல்வான். இன்னும் அது திரும்பி வரவில்லை. பணமும் வரவில்லை. பொலிஸுக்குப் போன பிறகு, அவன் தெரியும் பதினொரு படங்களில் எட்டை அவர்களுடைய பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் அவன் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறான்.