கடல்ல நனைஞ்ச பாராசூட்ட சர்வீஸுக்கு குடுக்கப் போறீங்களா, ஒரு நிமிஷம் இதப் படிங்க

கடலூர், பாண்டி பக்கம் பாராமோட்டார் (முதுகுல இன்ஜின மாட்டிக்கிட்டு, பாராசூட் மாதிரி துணி இறக்கையில பறக்குறது) ஓட்டுறவங்களுக்காக எழுதுறேன். போன மாசம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் பக்கம் இன்ஜின் நின்னு கடல்ல விழுந்துட்டேன், மீனவ அண்ணனுங்க ஃபைபர் போட்ல வந்து தூக்கிட்டாங்க, அவங்களுக்கு காலம் பூரா கடமைப்பட்டிருக்கேன். ஆனா விங்கும் (அந்தத் துணி இறக்கை), அவசரத்துக்கு வச்சிருக்கிற ரிசர்வ் பாராசூட்டும் உப்புத்தண்ணியில நல்லா ஊறிடுச்சு.

பாண்டில ஒருத்தர் "எல்லா பாராசூட்டும் பண்றோம் சார், விட்டுட்டுப் போங்க"ன்னாரு. 6000 ரூபா குடுத்தேன். பத்து நாள் கழிச்சு வாங்கிட்டு வந்து பிரிச்சா சோப்பு பவுடர் வாசனை. மெஷின்ல போட்டு, மொட்டை மாடி வெயில்ல காயவச்சு, சுருக்கம் போகணும்னு அயர்ன் வேற பண்ணிருக்காங்க, ஒரு இடத்துல பெட்டி முனை அச்சு அப்படியே பளபளன்னு தெரியுது. துணிய வாய்ல வச்சு ஊதிப் பார்த்தேன், முன்னாடி காத்தே போகாது, இப்ப அந்தப் பக்கம் வச்ச கையில காத்து படுது. காத்த விடாம தடுக்குற கோட்டிங் போயிடுச்சுன்னு அர்த்தம். லைன் (விங்குல இருந்து தொங்குற கயிறு) தையல்ல வெள்ளையா பொடி இருந்துச்சு, நாக்குல வச்சேன், உப்பு! கேட்டா போர் தண்ணில அலசுனாங்களாம். கடலோரத்துல போர் தண்ணியே உப்பு கரிக்குதுன்னு நம்மளுக்குத் தெரியாதா?

ரிசர்வ அவங்க பிரிக்கவே இல்ல. வெளிய தொடச்சுட்டு அப்படியே குடுத்துட்டாங்க, உள்ள ஈரம், பூஞ்சை நாத்தம். உயிர் போற நேரத்துல இழுக்கிற சாமான் அது, ஒட்டிக்கிட்டு திறக்காம போனா? நினைச்சா இப்பவும் வயித்த கலக்குது.

விழுந்த அன்னைக்கே நானே பண்ணிருக்கணும். தண்ணில இருந்து இழுக்கும்போது விங்கோட பின் ஓரத்தப் புடிச்சு இழுக்கணும், அப்பதான் உள்ள இருக்கிற தண்ணி வடியும், இல்லன்னா வெயிட்டுல கிழிஞ்சிடும். அப்புறம் நல்ல தண்ணி டப்பாவுல முக்கி, தண்ணிய மாத்தி மாத்தி அலசணும், சோப்பு கூடாது, பிழியக்கூடாது. உப்பு காஞ்சா கண்ணாடித்தூள் மாதிரி, ஒவ்வொரு தடவ மடிக்கும்போதும் நூலை அறுக்கும். நைலானுக்கு வெயில் ஆகாது, நிழல்ல தொங்கவிட்டு ஃபேன் போட்டா போதும். துணி சீக்கிரம் காஞ்சிடும், லைன் உள்ளுக்குள்ள ஈரமா இருக்கும், அதத் தொட்டுப் பார்த்துட்டுதான் மடிக்கணும். ரிசர்வ பிரிச்சு காயவச்சு தெரிஞ்சவங்க கையால திரும்ப பேக் பண்ணணும். ஹார்னஸ் (நம்ம உடம்புல மாட்டிக்கிற பெல்ட்டு) கொக்கியெல்லாம் துரு இருக்கான்னு பாருங்க.

காசத் திருப்பிக் கேட்டதுக்கு "நனைஞ்ச துணி தானே சார், துவைச்சுதானே குடுத்தோம்"னு சொல்றாரு. விங்க செக்கிங்குக்கு அனுப்பிருக்கேன், ரிப்போர்ட் வர்ற வரைக்கும் பறக்கப் போறதில்ல.

நான் போனப்ப அவரு மாடியில ஆரஞ்சு கலர் ரிசர்வ் ஒண்ணு கொளுத்துற வெயில்ல காஞ்சிட்டு இருந்துச்சு. அது உங்களுதா இருந்தா இன்னைக்கே போய் எடுத்துட்டு வந்துருங்க.