முதல் ஸ்பின் கிளாஸுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்துவிட்டு வந்து எழுதுகிறேன். 45 நிமிட இன்டோர் சைக்கிளிங் வகுப்பு ஒன்றுக்குப் போனேன், அவ்வளவுதான்.

காலை ஐந்தரை மணி வகுப்பு. வேலைக்குக் கிளம்புவதற்குள் முடிந்துவிடும் என்று சேர்ந்தேன். "புதுசா வர்றவங்களுக்கு நாங்களே சீட் செட் பண்ணிக் கொடுப்போம், பத்து நிமிஷம் முன்னாடி வந்தா போதும்" என்று கனிவாகச் சொல்லி, மூன்று மாதப் பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் 5:20-க்கே போய் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. ட்ரெய்னர் வந்து சேர்ந்தபோது 5:34. வந்ததும் விளக்கை அணைத்தார், பாட்டை அலறவிட்டார், எடுத்த எடுப்பிலேயே வேகம். விடியற்காலையில் உடம்பின் சூடே குறைவாக இருக்கும், தசையெல்லாம் இறுகிக் கிடக்கும். அந்த நேரத்து வகுப்புக்குத்தான் வார்ம்-அப் கூடுதலாக வேண்டும். எங்களுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

என் சீட்டை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அது மிகவும் தாழ்ந்திருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் வயிற்றை இடிக்காத குறை. சைக்கிள் பக்கத்தில் நின்று பார்த்தால் சீட் நம் இடுப்பெலும்பு உயரத்துக்கு இருக்க வேண்டும், பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். இதை எனக்குப் பிறகு சொன்னது மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட்.

இன்னொன்றும் சொல்லாமல் விட்டார்கள். இந்த வகை சைக்கிள்கள் பலவற்றில், நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் பெடலைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். பாதமோ ஸ்ட்ராப்பில் மாட்டியிருக்கும். நிறுத்த வேண்டுமானால், மிதிக்கும் கனத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெசிஸ்டன்ஸ் குமிழைக் கீழே அழுத்த வேண்டும். இருபதாவது நிமிடத்தில் தொடை பற்றி எரிந்து காலை நிறுத்தப் பார்த்தேன். பெடல் என் காலை இழுத்துக்கொண்டு போனது. பயத்தில் மிதித்துக்கொண்டே இருந்தேன். அப்போது ட்ரெய்னர் பக்கத்தில் வந்தார். நிறுத்தச் சொல்லித்தரப் போகிறார் என்று நினைத்தேன். தன் கையாலேயே என் குமிழை இரண்டு சுற்று இறுக்கிவிட்டு, "விடாதீங்க அக்கா, வலிச்சாத்தான் பலன்" என்றார். மற்றதையெல்லாம்கூட மறந்துவிடுவேன், இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று படி இறங்க முடியவில்லை. முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்று தேற்றிக்கொண்டேன். மறுநாள் தொடை வீங்கி, போட்டுப் பழகிய பேன்ட்டே ஏறவில்லை. போனில் கேட்டதற்கு, "லாக்டிக் ஆசிட்தான், நாளைக்கு வந்து ஓட்டினா சரியாயிடும்" என்றார்கள். லாக்டிக் ஆசிட் ஓரிரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து இறங்கிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாம் நாள் காலை சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போனது. பதறிப்போன தங்கை ஒரு வார்த்தை பேசவிடாமல் மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள். ரத்தத்தில் சி.கே. பரிசோதனை செய்தார்கள். தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி அது. சுமார் 200-க்குள் இருக்க வேண்டியது எனக்கு 40,000-ஐத் தாண்டியிருந்தது. ராப்டோமயோலிசிஸ் என்றார் டாக்டர். தாங்க முடியாத அளவுக்கு வேலை வாங்கினால் தசை நார்கள் சிதைந்து, மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குமாம். இரவும் பகலும் சலைன் ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் டயாலிசிஸ் வரை போயிருக்கலாம் என்றபோது தங்கை அழுதுவிட்டாள்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த அபூர்வம் இல்லை. ஸ்பின் கிளாஸுக்குப் போய் இப்படிப் படுத்தவர்களைப் பற்றி 2017-இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் கட்டுரையே வந்திருக்கிறது. நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவர்களுக்கும் முதல் வகுப்பிலேயே வரும். பழக்கமில்லாத தொடைத் தசையை ஒரேயடியாகக் கசக்குவதுதான் காரணம். அதனால் முதல் சில வகுப்புகளில் குமிழை லேசாகவே வையுங்கள், பாதியில் இறங்கிவிடுங்கள், யார் கத்தினாலும் கத்தட்டும். உங்கள் குமிழில் வேறு யாரையும் கைவைக்க விடாதீர்கள். வீக்கமும் கருத்த சிறுநீரும் கண்டால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஒரு கிளாஸ் அட்டெண்ட் பண்ணிட்டா ரீஃபண்ட் இல்ல, ரசீதுக்குப் பின்னாடி போட்டிருக்கு" என்றார்கள். போட்டுத்தான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில். பிறகு ஒரு படிவம் அனுப்பினார்கள். உடல்நிலை பற்றி என்னிடம் விசாரித்ததாகவும், ஆபத்துகளை விளக்கியதாகவும், எல்லாம் என் பொறுப்பு என்றும் அதில் இருந்தது. நான் வகுப்புக்குப் போன நாளின் தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பினால் பாதிப் பணம் தருகிறார்களாம்.

கையெழுத்துப் போடவில்லை. அந்தப் படிவத்தையும் டிஸ்சார்ஜ் அறிக்கையையும் சேர்த்து நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.