‘ரன்’ கற்க அகராதியா, பையரின் மெயிலா?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி ஆபீஸில் பையரோடு, அதாவது துணி வாங்கும் வாடிக்கையாளரோடு, பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தவரைத் தலைசுற்ற வைக்க ‘ரன்’ (run) என்ற ஒரே ஆங்கில வினைச்சொல் போதும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ (set) சுமார் 430 பொருள்களுடன் முன்னால் நின்றது. பிற்பாடு திருத்திய பதிவில் ‘ரன்’ 600-ஐத் தாண்டி அதை முந்திவிட்டது.

அகராதி வழியில் ஒழுங்கு உண்டு. ஓடுவது, இயங்குவது, நடத்துவது எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்று புரியும். ஆனால் மனப்பாடம் செய்த பட்டியல் அடுத்த வாரம் வரை நிற்காது.

மெயில் வழி வேறு. ‘த கலர்ஸ் ரன்’ என்று பையர் எழுதினால், துவைத்ததும் சாயம் இறங்குகிறது என்று புகார். ‘ரன்னிங் லேட்’ என்றால் தாமதம். லேபிள் ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோச்சு (கிரிக்கெட் ஞாபகம் வந்தால் நம் தப்பில்லை). ‘ரன் இட் பை மீ’ என்றால், என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய். ஆர்டரோடு ஒட்டிக்கொண்டு வருவதால் இவை மறக்காது. குறை என்னவென்றால், தேர்தலில் நிற்பதைச் சொல்லும் ‘ரன் ஃபார் ஆஃபீஸ்’ இந்த மெயில்களில் வரப்போவதில்லை.

என் ஓட்டு மெயிலுக்குத்தான். ஒரே தொடர் இரண்டாவது முறை கண்ணில் படும்போது அகராதியைத் திறந்தால் போதுமுங்க.