சீன மாணவர்களுக்கான ஆங்கிலப் பயிற்சி நூல்: வாங்கலாமா?

சிங்கப்பூரில், தோ பாயோவில், வீட்டிலேயே ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து வந்த பிள்ளைகள். இங்குள்ள அரசுப் பள்ளிகளில் இடம் கிடைக்க ஏஇஐஎஸ் தேர்வு எழுத வேண்டியவர்கள். அதில் ஆங்கிலம், கணிதம் என இரண்டு பாடங்கள் உண்டு. கணிதத்தைப் பற்றி எந்தப் பெற்றோரும் என்னிடம் கவலைப்பட்டதில்லை.

இவர்களுக்காக பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் புத்தகக் கடை ஒன்றில் இந்தப் பச்சை அட்டை நூலை வாங்கினேன். சீனாவில் அச்சானது. பயிற்சிகள் ஆங்கிலத்திலும் விளக்கங்கள் சீனத்திலும் இருக்கின்றன. விலை 14 வெள்ளி 90 காசு. ஒரு பள்ளித் தவணை முழுவதும் இதை வைத்துப் பாடம் நடத்திய பிறகே எழுதுகிறேன்.

நூலின் முதல் பாதி அருமை. சீன மொழியை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ஏ, ஆன், தி பற்றிய பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சீனத்தில் இவை கிடையாது. மற்ற நூல்கள் விதிகளை அடுக்கிவிட்டு, கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லும். இந்த நூலோ இரண்டு சீன வாக்கியங்களில் தொடங்குகிறது. 'கரென் லாய் ல' என்றால், எதிர்பார்த்திருந்த விருந்தாளி வந்துவிட்டார். 'லாய் கரென் ல' என்றால், யாரோ ஒரு விருந்தாளி வந்திருக்கிறார். சொற்கள் அவையேதான், இடம் மட்டும் மாறுகிறது. முன்னதற்கு 'தி', பின்னதற்கு 'ஏ' என்று காட்டிவிட்டு, அதன் பிறகே பயிற்சிக்குள் போகிறது. மாணவனுக்கு ஏற்கெனவே இருக்கும் அறிவின் மேல் பாடத்தைக் கட்டுவது என்றால் இதுதான். 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' என்ற இரண்டுக்கும் நடுவே நமக்குத் தெரியும் வேறுபாட்டை வைத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு பாடம் எழுதலாமே என்று அன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இறந்தகாலப் பாடமும் அதே தரம். சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. 'நேற்று' என்று சொல்லிவிட்டால் போதும். அதனால்தான் 'யெஸ்டர்டே ஐ கோ' என்று எழுதுகிறார்கள். வினைக்குப் பின்னால் வரும் 'ல' என்ற சொல்லை இறந்தகால அடையாளம் என்று நினைத்து, 'ல' வரும் இடத்தில் எல்லாம் ஆங்கில வினையின் கடைசியில் 'இடி' (ed) சேர்ப்பது இன்னொரு பழக்கம். நாளை நடக்கப்போகும் செயலுக்கும் அந்த 'ல' வரும் என்பதை நான்கு எடுத்துக்காட்டுகளில் காட்டி, அந்தப் பழக்கத்தை வேரோடு பிடுங்கப் பார்க்கிறது நூல்.

எனக்குச் சீனம் படிக்கத் தெரியாது. அதனால் விளக்கப் பகுதியை மாணவர்களே படித்து எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்தேன். விருந்தாளி வாக்கியங்களை எனக்குப் புரியவைக்க, செங்டுவிலிருந்து வந்த பையன் எழுந்து வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டி நடித்தே காட்டினான். வாய் திறக்காத பையன் அன்று பத்து நிமிடம் விடாமல் ஆங்கிலம் பேசினான். நூல் கேட்காத பயிற்சி அது, கேட்டிருக்க வேண்டியது.

என் பெரிய வருத்தம் இதில்தான் இருக்கிறது. பேசவும் சொந்தமாக எழுதவும் வைக்கும் பயிற்சிகள் மிகக் குறைவு. 'ஹீ', 'ஷீ' குழப்பத்தைப் பாருங்கள். சீனத்தில் அவன், அவள் இரண்டுக்கும் எழுத்து வேறு, உச்சரிப்போ ஒன்றேதான். ஆகவே தாளில் சரியாக எழுதும் பிள்ளை, பேசும்போது தன் அம்மாவை 'ஹீ' என்கிறது. இதற்கு மருந்து வாய்க்குத்தான் தர வேண்டும். நூலோ இரண்டு பக்கம் நிரப்பச் சொல்கிறது. எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கிவிட்டு அடுத்த நிமிடமே தவறாகப் பேசுகிறார்கள்.

பிற்பாதி முழுக்கச் சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவ் பாணி. பத்திக்குப் பதினைந்து கோடிட்ட இடங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். அந்தத் தேர்விலேயே இப்போது, பாதியில் நிற்கும் கதையை 150 சொற்கள் அளவில் தொடர்ந்து எழுதும் வினா இருக்கிறது. மொத்தம் 150 மதிப்பெண்ணில் அதற்கு 25. நூலில் அவ்வகைப் பயிற்சி ஒன்றே ஒன்று, அதுவும் கடைசிப் பக்கத்தில். முதல் பாதியை எழுதிய கையா இதையும் எழுதியது என்று கேட்கத் தோன்றுகிறது.

உச்சரிப்புப் பகுதியும் ஏமாற்றம். எல்லாச் சீனரும் பெய்ஜிங் வழக்கில் பேசுவதாக நினைத்து எழுதியிருக்கிறார்கள். செங்டு இருக்கும் சிச்சுவான் மாநிலப் பிள்ளைகளுக்கு 'ந', 'ல' ஒலிகள் இரண்டும் கலந்துவிடும். 'நைட்' என்கிறானா 'லைட்' என்கிறானா என்று தெரியாது. அதற்கு ஒரு வரிகூட இல்லை. ஒலிப்பதிவு கேட்கலாம் என்றால் கியூஆர் குறியீடு சீனக் கைப்பேசி எண் கேட்கிறது. இங்கே வந்ததும் எண்ணை மாற்றிக்கொண்ட குடும்பங்கள் என்ன செய்யும்?

விடைகள் பெரும்பாலும் சரியானவை. ஆனால் ஒரு வினாவுக்கு ஒரே விடை என்ற பிடிவாதம் தெரிகிறது. 'ப்ளேஸ் தி பியானோ' மட்டுமே சரியாம். 'தி' இல்லாமலும் அமெரிக்காவில் தாராளமாகச் சொல்கிறார்கள். அச்சில் இருப்பதுதான் வேதம் என்று நம்பும் மாணவனிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

டியூஷன் ஆசிரியர்கள் தயங்காமல் வாங்கலாம். முதல் பாதிக்கே கொடுத்த காசு தகும். தனியே உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு மட்டும் வாங்கித் தராதீர்கள். வாங்குபவர்கள் பின்னால் இருக்கும் விடைப் பகுதியைப் பிரித்தெடுத்துத் தங்களிடமே வைத்துக்கொள்வது நல்லது. தனி இணைப்பாகத்தான் தைத்திருக்கிறார்கள். நூல் கிழியாமல் கழன்றுவிடும்.