கோல்ட் வாக்ஸ் மீடியம்: மூர்லேண்டை அப்ஸ்ட்ராக்டா வரையறவங்க கண்டிப்பா வாங்கிப் பாருங்க

இங்கிலாந்துல இருக்கற டார்ட்மூர் மாதிரி ஒரு மூர்லேண்ட்ல (மரம் அதிகமில்லாத, புல்லும் குட்டைப் புதரும் நிறைஞ்ச திறந்த மேட்டு நிலம்) நாள் பூரா நடந்துட்டு வந்து அதை அப்ஸ்ட்ராக்டா வரையணும்னு ஆசைப்படறவங்க, அக்ரிலிக்கை கொஞ்ச நாள் ஓரமா வச்சுட்டு ஆயில் கலர்ல கோல்ட் வாக்ஸ் மீடியத்தைக் கலந்து பாருங்க. தேன்மெழுகு, சால்வென்ட் (கரைப்பான்), கொஞ்சம் ரெசின் சேர்ந்த பேஸ்ட் தான், டப்பாவை திறந்தா வெண்ணெய் பதத்துல இருக்கும், சூடு பண்ணவே வேண்டாம், நைஃபால எடுத்து கலரோட குழைச்சா போதும்.

எனக்கு இது இவ்வளவு பிடிக்க காரணம் அந்த நிலமே லேயர் லேயரா இருக்கறது தான். மேல ஹெதர்ங்கற குட்டைப் புதரும் புல்லும், கீழ கருகருன்னு ஈரமான பீட் மண் (பாதி மக்கின செடிகள் சேர்ந்து உருவாகறது), அது வருஷத்துக்கு சுமார் 1 மில்லிமீட்டர் தான் சேரும், அதுக்கும் அடியில கிரானைட். நான் பலகையில முதல்ல ரா அம்பரும் (அடர் பிரவுன்) பேய்ன்ஸ் கிரேயும் (நீலம் கலந்த கரும் சாம்பல்) பூசி, லேசா இறுகினதும் மேல செம்பழுப்பான பர்ன்ட் சியன்னாவை தடிமனா போட்டு ஸ்க்யூஜியால (ரப்பர் விளிம்பு வச்ச வழிப்பான்) ஒரே இழுப்பா வழிப்பேன், அப்ப அடியில இருக்கற கருப்பு அங்கங்க கிழிச்சுக்கிட்டு வெளிய வரும் பாருங்க, சதுப்புல கால் வச்சதும் புல்லுக்கு நடுவுல கருந்தண்ணி கசியுமே அது அப்படியே வந்துடும். பிரஷ்ல எவ்வளவு மெனக்கெட்டாலும் எனக்கு அது கிடைச்சதில்ல.

ஹெதர்னதும் பர்ப்பிளை அள்ளி அப்பிடாதீங்க. பூக்கறது கோடை கடைசியில கொஞ்ச வாரம் தான், மீதி நாளெல்லாம் அது பிரவுன், இலையுதிர் காலத்துல அங்க வளர்ற பிராக்கன்ங்கற பெரணிச் செடியும் துரு நிறத்துக்கு மாறிடும். வயலட் துளியூண்டு போதும்.

தொடுவானக் கோடு போட்டே ஆகணும்னும் இல்ல. இங்கிலாந்தோட கார்ன்வாலைச் சேர்ந்த ஓவியர் பீட்டர் லான்யன் (1918–1964) படங்களைப் பாருங்க, ஒரே இடத்துல நின்னு தெரியற வியூவா இல்லாம, நடந்தது, ஏறினது, 1959க்கு அப்புறம் கிளைடர்ல (இன்ஜின் இல்லாத விமானம்) பறந்தது எல்லாமே ஒரே படத்துக்குள்ள இருக்கும்.

குறைன்னா, மெழுகு மூணுல ஒரு பங்கைத் தாண்டினா கேன்வாஸ் சரிப்படாது, துணி தொய்ஞ்சா விரிசல் விடும், மரப் பலகை தான் வேணும். தடிமனா போட்ட இடம் முழுசா இறுக வாரக்கணக்குல ஆகும், காய்ஞ்ச பிறகும் நகம் பட்டா கீறல் விழும். சால்வென்ட் இருக்கறதால ஜன்னலைத் திறந்து வச்சு தான் வேலை செய்யணும். பளபளப்பு வராது, மேட் ஃபினிஷ் தான், மேகமூட்ட வெளிச்சத்துக்கு எனக்கு அது தான் வேணும். ஒவ்வொரு புல்லையும் நுணுக்கமா வரையறவங்களுக்கு இது ஒத்து வராது.