லூக்கா சொன்னபடியா, கற்பனை கலந்தா?

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும், பைபிளிலுள்ள லூக்காவின் நற்செய்தியைத் திரையில் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. 1979இல் வந்த ‘இயேசு’ திரைப்படம் லூக்காவை நெருக்கமாகப் பின்பற்றுகிறது. 2019இல் தொடங்கிய ‘தி சோசன்’ தொடர், லூக்கா சொல்லாமல் விட்ட இடங்களில் கற்பனையை நிரப்புகிறது.

பின்னாளில் இயேசுவின் சீடனான மீனவன் சீமோனின் மீன்பிடிப்பையே எடுத்துக்கொள்வோம். இரவெல்லாம் வலை வீசி வெறுங்கையோடு நிற்பவன், மறுபடி வலை வீசச் சொன்ன இயேசுவிடம், “உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்” என்கிறான். தொடரில் அவன் கழுத்தை வரிக்கடன் நெரிக்கிறது. படகில் மீன் குவியும்போது நமக்கும் சேர்த்து மூச்சு வருகிறது. கடனைப் பற்றி லூக்கா ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஆனாலும், களைத்துச் சலித்துப்போனவனும் கீழ்ப்படியலாம் என்று எனக்கு உறைக்க வைத்தது அந்தக் கற்பனைக் கடன்தான்.

ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. கடன் தீர்ந்ததே அற்புதம் என்று மனம் ஓடிவிடும். (நம் ஜெபங்களில் பாதி அப்படித்தானே!) லூக்காவிலோ அவன் மீனை எண்ணவில்லை, “நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்” என்று காலில் விழுகிறான். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பின்செல்கிறான். வசனத்தை ஒட்டிய படத்தில் இந்தத் திருப்பம் மறைய வழியில்லை.

இயேசுவைப் புதிதாக அறிய வருபவருக்குப் படத்தையே சொல்வேன். கேட்டுக் கேட்டு வசனம் மரத்துப்போன என் போன்றவர்களுக்குத் தொடர் நல்லது, லூக்காவின் அந்த அதிகாரத்தை முதலில் வாசித்துவிட்டு உட்கார்ந்தால்.