சேர்த்துப் பிடி, பிறகு தொடு: டாமியா எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட்

பசை என்றால் இரண்டு பக்கமும் தடவி, அழுத்தி, காயவிடுவது என்றுதான் எல்லோருக்கும் கை பழகியிருக்கும். ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியாவின் எக்ஸ்ட்ரா தின் சிமெண்டிடம் அந்தப் பழக்கம் செல்லாது. இதில் பாகங்களை முதலில் சேர்த்துப் பிடிக்க வேண்டும், பிரஷ் அப்புறம்தான். இணைப்பின் ஒரு முனையில் பிரஷ் நுனி பட்டால் போதும், திரவம் தானாகவே கோடு நெடுக ஓடிவிடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழை நுழைவுதான். இந்த ஒன்று கைக்குப் பிடிபட்டுவிட்டால், பிளாஸ்டிக் மாடல் கட்டுபவருக்கு இதைவிட நல்ல பசை கிடைப்பது அரிது. பிடிபடாதவரை நல்ல கிட் ஒன்றைப் பாழாக்க இதைவிடச் சுலபமான வழியும் இல்லை.

40 மி.லி. கொள்ளும் சதுரக் கண்ணாடி பாட்டில், கரும்பச்சை மூடி, மூடியோடு சேர்ந்த பிரஷ், பொருள் எண் 87038. உள்ளே இருப்பவை அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும். முன்னதின் கொதிநிலை 56 டிகிரி செல்சியஸ், பின்னதற்கு 126. ஒன்று பிளாஸ்டிக்கை உடனே கடித்துவிட்டுப் பறந்துவிடும். மற்றது கொஞ்ச நேரம் தங்கி, பாகங்களை நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் தரும். உண்மையில் இதைப் பசை என்று சொல்வதே தவறு. மாடல் கிட்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரினின் மேற்பரப்பை இது கரைக்கிறது. இரு பக்கத்து மூலக்கூறுச் சங்கிலிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியாகிப் போனதும் இரண்டும் ஒரே பிளாஸ்டிக் ஆகிவிடுகின்றன. இரும்பில் வெல்டிங் வைப்பது போலத்தான். நடுவில் பசைப் படலம் எதுவும் மிஞ்சாது. அதனால்தான் ஒட்டு இவ்வளவு சுத்தமாக இருக்கிறது. இடைவெளி இருந்தால் அதை அடைக்க இதனால் முடியாது என்பதற்கும் காரணம் அதுவே.

வேலையைத் தொடங்கும் முன் பாகங்களைப் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, வெட்டிய இடத்தில் மேடு எதுவும் நிற்கக் கூடாது. இடைவெளி அகலமாக இருந்தால் திரவம் அங்கே நின்றுவிடும், அதற்கு மேல் போகாது. ஒட்டும் முகத்தில் பெயிண்ட் இருந்தால் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள்; பெயிண்டின் மேல் தடவினால் பெயிண்ட்தான் கரையும், பிளாஸ்டிக் சேராது. பிறகு பிரஷை எடுத்து, பாட்டில் கழுத்தில் இரு பக்கமும் வழித்துவிடுங்கள். ஈரம் தெரிய வேண்டும், சொட்டு தொங்கக் கூடாது. சிறிய பாகம் என்றால் ஒரே தொடுதலில் முடிந்தது. விமான உடலின் இரு பாதிகள் போல நீளமானவை என்றால் முதலில் மூன்று நான்கு இடங்களில் புள்ளி வைத்து நிறுத்துங்கள். கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 2 முதல் 3 செ.மீ. வீதம் நகர்ந்து போங்கள். ஒவ்வொரு பகுதியிலும் திரவம் ஓடி முடிந்து ஐந்தாறு வினாடி கழித்து மெதுவாக அழுத்தினால், உருகிய பிளாஸ்டிக் மெல்லிய மணி கோத்தது போலக் கோட்டின் மேல் எழும்பும். அது எழும்பினால்தான் இணைப்பு முழுமை. அதைத் தொடாதீர்கள், துடைக்கவே துடைக்காதீர்கள்.

அரை நிமிடத்தில் பாகம் தானே நிற்கும். கால் மணி நேரத்தில் கவனமாகக் கையாளலாம். முழு வலிமைக்கு ஒரு நாள் விடவேண்டும்.

சொதப்பல்கள் நடக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: திரவம் நாம் நினைத்த இடத்தோடு நிற்பதில்லை. இணைப்புக் கோட்டின் மேல் விரல் இருந்தால், விரலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே உள்ள இடுக்கும் அதற்கு ஒரு பாதைதான். உள்ளே புகுந்து கைரேகையை அப்படியே அச்செடுத்துவிடும். பாகங்களை மாஸ்கிங் டேப்பால் இறுக்கிவிட்டுத் தடவினாலும் இதே கதை: டேப்புக்கு அடியில் ஓடி, பிரித்தெடுக்கும்போது தழும்பு தயாராக இருக்கும். டேப் போட்டே ஆகவேண்டும் என்றால், கோட்டைக் கடக்கும் இடத்தில் அதைச் சின்னப் பாலம் மாதிரி தூக்கிவிட்டு ஒட்டுங்கள், அல்லது டேப் இல்லாத இடங்களில் மட்டும் தடவி, அது பிடித்தபின் டேப்பைக் கழற்றி மீதியை முடியுங்கள். இணைப்பை ஒட்டி ஒரு பேனல் கோடு, அதாவது தகடுகளின் பிரிவைக் காட்டும் மெல்லிய பள்ளம், ஓடினால் திரவம் அந்த வாய்க்காலிலும் பாயும். அதன் ஓரங்கள் மழுங்கிப் போகும்.

தவறு நடந்துவிட்டால் கை தானாகத் துணியைத் தேடும். அதுதான் பெரிய தவறு. அந்த நொடியில் மேற்பரப்பு கூழாக இருக்கிறது. துடைத்தால் விரல் அடையாளமாக இருந்தது விரல் நீளத் தடமாகிவிடும். அப்படியே வைத்துவிடுங்கள். அசிட்டோன் பறந்துவிடும், பள்ளம் பெரும்பாலும் மேலோட்டமாகவே இருக்கும். மறுநாள் 600, பிறகு 1000 எண் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தடயமே இருக்காது.

இன்னொரு தவறு உடனே தெரியாது, அதனால் அதிகம் பேரைப் பிடிக்கிறது. ஒட்டிய அன்றே இணைப்பைத் தேய்த்து மழமழவென்று ஆக்கி, பெயிண்டும் அடித்துவிடுகிறார்கள். உள்ளே மிச்சமிருக்கும் கரைப்பான் அதற்குப் பிறகும் பல நாட்கள் மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும். அது போகப் போகப் பிளாஸ்டிக் சுருங்கும். பெயிண்டுக்கு அடியில் இணைப்புக் கோடு ஒரு வாய்க்காலாக மறுபடி தலைகாட்டும். குற்றம் பெயிண்டின் மேல் விழும், காரணம் அவசரம். குறைந்தது இரண்டு மூன்று நாள், தாராளமாகப் பசை போன இடம் என்றால் ஒரு வாரம் விட்டுவிட்டு உப்புத்தாளை எடுங்கள்.

அழுத்திப் பொருத்தும் ரோபோ கிட்களுக்குப் பசையே தேவையில்லை. கை, கால், துப்பாக்கி இவற்றின் நடுவே ஓடும் இணைப்புக் கோட்டை மறைக்கத்தான் இது அங்கே வேலைக்கு வருகிறது. பாகங்களை முழுதாக அழுத்தாமல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, இரு விளிம்பிலும் தடவி, சில வினாடி விட்டு மீண்டும் ஒருமுறை தடவி, பிறகு அழுத்தி, கிளிப் போட்டு வையுங்கள். இங்கே மூன்று எச்சரிக்கை. முழங்கை மூட்டு உள்ளே இருக்கும் நிலையில் தாராளமாகத் தடவினால் திரவம் மூட்டுக்குள் ஓடி, அசைய வேண்டியது அசையாமல் நின்றுவிடும். பாகங்களைப் பொருத்தும் இறுக்கமான பிளாஸ்டிக் ஆணிகள் ஏற்கெனவே பிளாஸ்டிக்கை நெருக்கிக்கொண்டிருக்கும். அந்த இழுப்பின் மேல் கரைப்பானும் சேர்ந்தால் விரிசல் வரும், ஆகவே ஆணியின் நீளத்தில் பாதியை வெட்டிவிட்டு ஒட்டுவது நல்லது. மூன்றாவது, ஒட்டியபின் பிரிக்க வழியில்லை. உள்ளே வரவேண்டிய பாகம் எல்லாம் வந்துவிட்டதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

எதில் ஒட்டும் என்ற கேள்விக்கு ஒரே பதில்: பாலிஸ்டைரின். ஏ.பி.எஸ். என்ற இன்னொரு பிளாஸ்டிக்கில் ஓரளவு பிடிக்கும். அதற்கென்றே டாமியா தனி சிமெண்ட் விற்கிறது, பாரம் தாங்கும் இடமானால் அதைத்தான் வாங்க வேண்டும். மூட்டுகளில் வரும் ரப்பர் போன்ற பாலிகேப், நைலான், ரெசின், ஃபோட்டோ எட்ச் என்ற மெல்லிய உலோகத் தகடு, மரம் இவற்றிலெல்லாம் தண்ணீர் தடவியது போலத்தான். குரோம் பூசிய பாகத்தில் பூச்சைச் சுரண்டாமல் ஒட்டாது. விமானத்தின் கிளியர் (ஒளி ஊடுருவும்) மேற்கூடும் பாலிஸ்டைரின்தான், ஒட்டும். ஆனால் ஒரு துளி வழிந்தாலும் வெள்ளைப் பூ விழும், நுண்விரிசல் ஓடும். அந்த ஒரு இடத்துக்கு வெள்ளைப் பி.வி.ஏ. பசையே போதும். சூப்பர் குளூவும் அங்கே வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியை மங்கலாக்கிவிடும். சேகரிக்கும் பொம்மைகளில் உடைந்த விரலையோ முடிக்கற்றையையோ ஒட்ட இதை நாடுபவர்களும் உண்டு. அவை பெரும்பாலும் பி.வி.சி.; இது பெயிண்டை அரித்து, அடியிலும் பிசுபிசுப்பை விட்டுவிடும். அங்கே மெல்லிய கம்பி ஒன்றை ஆணியாக வைத்து சூப்பர் குளூ போடுவதுதான் வழி.

இதன் உறவினர்களில் வெளிர்பச்சை மூடி போட்ட குயிக் செட்டிங், பொருள் எண் 87182, அதிகம் பேசப்படுகிறது. சீக்கிரம் காய்கிறது, சுவடு குறைவாக விடுகிறது, உண்மை. ஆனால் முதல் பாட்டிலாக அதை வாங்குவது சரியில்லை. நீளமான இணைப்பில் மறுமுனைக்குப் போய்ச் சேரும் முன் முதல் முனை காய்ந்திருக்கும். எழும்ப வேண்டிய மணியும் எழும்பாது. சின்னஞ்சிறு பாகங்கள், சுவடு விழக் கூடாத இடங்கள், இவற்றுக்கு இரண்டாவது பாட்டிலாக இருக்கட்டும். வெள்ளை மூடி சிமெண்ட் கெட்டியானது. கரைந்த பிசின் கலந்திருப்பதால் ஓடாது, முன்கூட்டியே தடவிச் சேர்க்கும் பழைய பாணிக்கு அதுதான். சற்று மோசமாகப் பொருந்தும் பழைய கிட்களுக்கும் அதுவே மேல். லிமோனின் வகையில் ஆரஞ்சுத் தோல் வாசனை வரும், மூக்கைத் தாக்காது; காய்வதற்குப் பொறுமை வேண்டும். மிஸ்டர் ஹாபியின் மிஸ்டர் சிமெண்ட் எஸ் இதற்கு நேர் போட்டி. இரண்டில் எது கையில் இருந்தாலும் வேலை கெடாது.

ஒட்டுவதைத் தவிர இது செய்யும் வேலைகளுக்காகவே இரண்டு பாட்டில் வாங்கலாம். பேனல் கோடு கீறும்போது எழும் பிளாஸ்டிக் பிசிறுகளின் மேல் ஈரப் பிரஷை ஒரு தடவை ஓட்டினால் பிசிறு கரைந்து கோடு தெளிந்துவிடும். டாங்கி கோபுரத்தின் மேல் தாராளமாகப் பூசி, முடி விறைத்த பழைய பிரஷால் குத்திக்கொண்டே போனால் வார்ப்பிரும்பின் சொரசொரப்பு வந்துவிடும். தனித்தனிக் கண்ணிகளாக வரும் டாங்கிச் சங்கிலிக்கு இதைப் போல ஒன்று இல்லை: கண்ணிகளை ஒரு அளவுகோல் ஓரமாக வரிசையாகச் சேர்த்து, நெடுகத் தடவி, இருபது முப்பது நிமிடம் விட்டால் முழுச் சங்கிலியும் நாடா போல வளையும் பதத்துக்கு வரும். அந்தப் பதத்தில் சக்கரங்களின் மேல் சுற்றி, மேல்பக்கத் தொய்வை வடிவமைத்து, பஞ்சை அடைகொடுத்து விட்டுவிடலாம். குயிக் செட்டிங்கில் இந்தப் பதம் கைக்கு அகப்படாது.

குறை என்று சொன்னால் முதலில் பிரஷ். அசலில் 35-ல் ஒரு பங்கான 1/35 டாங்கிக்குச் சரி. 1/700 கப்பலின் கைப்பிடிக் கம்பிக்கு அது துடைப்பம். பூஜ்ய எண் பிரஷ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு பாட்டிலில் தொட்டு வேலை செய்வதுதான் தீர்வு. அடுத்தது ஆவியாதல். பாட்டிலைத் திறந்தபடி வைத்து வேலை செய்யும் பழக்கம் இருந்தால் பாதிக்குப் பாதி காற்றுக்குத்தான் போகும். ஒவ்வொரு தொடுதலுக்கும் மூடி திரும்பப் பாட்டில் மேல் உட்கார வேண்டும், முறுக்காவிட்டாலும் பரவாயில்லை. சதுர அடிப்பாகம் ஓரளவு கவிழாமல் காக்கும். இருந்தாலும் தடித்த ஸ்பாஞ்சில் பாட்டில் அளவுக்கு ஒரு குழி வெட்டி அதில் நிறுத்தி வையுங்கள். கவிழ்ந்தால் மேஜையில் கிடக்கும் பாகங்கள் எல்லாம் ஒரே பாகமாகிவிடும். எளிதில் தீப்பிடிக்கும் திரவம் என்பதால் அடுப்பு, சிகரெட் அருகே கூடாது, விமானப் பயணப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. ஜன்னல் திறந்திருக்கட்டும். மணிக்கணக்கில் வேலை என்றால் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும்; துணி முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது.

பாட்டில் கால்வாசிக்கு வந்ததும் புதியது வாங்கி, பழையதைத் தூக்கிப்போடாமல் வையுங்கள். அதே கிட்டின் ஸ்ப்ரூவைப் பொடிப்பொடியாக வெட்டி அதில் போட்டு ஓரிரு நாள் விட்டால் கரைந்து தேன் பதத்துக்கு வரும். கெட்டியானால் இரண்டு சொட்டுப் புதிய சிமெண்ட், தண்ணீராக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஸ்ப்ரூ. இடைவெளியை அடைக்க இதைவிட நல்ல புட்டி கிடையாது. கிட்டின் அதே பிளாஸ்டிக் என்பதால் அரத்துக்கும் உப்புத்தாளுக்கும் ஒரே மாதிரி தேயும், மேலே பேனல் கோடும் கீறலாம். காயும்போது சுருங்கும், ஆகவே ஒரே தடவையில் நிரப்பாமல் ஒரு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று பூச்சாகக் கொடுங்கள். கிளியர் பாகங்களின் ஸ்ப்ரூவையும் ஏ.பி.எஸ். துண்டுகளையும் இதில் கலக்க வேண்டாம். அந்தப் பாட்டில் மூடியின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பச்சைதான்.